ரொட்டிக்கடையும் மெஸ் வரிசையும்
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



செல்பேசி விளையாட்டின் மூலம் அயல்மொழி கற்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரிகூட செல்போனைக் கீழே வைக்காத கூட்டத்தின் முன்னால் இதைப் பேசுவது திருநெல்வேலிக்கே அல்வா கொடுக்கிற கதைதான். ஆனாலும் நான் சொல்லப்போவது உட்கார்ந்த இடத்தில் ஆடுகிற ஆட்டம் அல்ல. நடந்து போய் ஆடுகிற ஆட்டம்.

2014-இல் வேலை நிமித்தமாக ஜெர்மனியில் மியூனிக் நகருக்குப் போனேன். சென்னையிலேயே ஜெர்மன் படித்து, இரண்டு நிலைத் தேர்வுகளிலும் நல்ல மதிப்பெண். அந்தத் தெம்பில் தெருமுனை ரொட்டிக்கடைக்குப் போய், "இஷ் வில் ஐன் ப்ரோட்" என்றேன். ரொட்டி வேணும் என்று அர்த்தம். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. கடைக்கார அம்மாள் ரொட்டியைக் கொடுத்தார், முகத்தைக் கொடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து உடன் வேலை பார்த்தவர்தான் விளக்கினார்: அங்கே "இஷ் வில்" என்பது குழந்தை அடம்பிடிக்கிற மாதிரியாம். "இஷ் ஹெட்ட கெர்ன்" என்று தணிவாகக் கேட்க வேண்டுமாம். நாம் தமிழில் "ரொட்டி வேணுங்க" என்கிறோம். மரியாதை அந்த "ங்க"வில் இருக்கிறது. அவர்களுக்கு அது வினைச்சொல்லின் தேர்வில் இருக்கிறது. இதற்குத் தேர்வுத்தாளில் அரை மதிப்பெண்கூட யாரும் குறைக்கவில்லை.

இந்த வயிற்றெரிச்சலோடு தேடிப் படித்தபோதுதான் 'மென்டிரா' என்ற விளையாட்டு கண்ணில் பட்டது. ஸ்பானிஷ் மொழியில் 'பொய்' என்று பொருள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் ஹோல்டன், ஜூலி சைக்ஸ் இருவரும் 2009 வாக்கில் ஸ்பானிஷ் வகுப்புக்காக உருவாக்கினார்கள். ஆல்புகர்க்கி நகரில் லோஸ் கிரியேகோஸ் என்ற பழைய பகுதி இருக்கிறது. அந்த மண்ணில் ஸ்பானிஷ் பேச்சு அமெரிக்க ஆட்சி வருவதற்கு முன்பிருந்தே உண்டு. அங்கே ஒரு கொலை நடந்ததாகக் கற்பனை. மாணவர்கள் கதையிலுள்ள குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்களாகி, துப்புத் துலக்க வேண்டும். செல்பேசியில் வரும் கதைமாந்தரோடு ஸ்பானிஷில் பேச வேண்டும்; பிறகு நிஜமாகவே அந்தப் பகுதிக்குப் போய்த் தெருக்களில் நடந்து தேட வேண்டும். ஒருவருக்குக் கிடைக்கிற துப்பு இன்னொருவருக்குக் கிடைக்காது. ஆகவே தங்களுக்குள்ளும் பேசியாக வேண்டும்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் ஒன்று. கதைமாந்தரிடம் முறை தெரியாமல் பேசினால் அவர் துப்புச் சொல்ல மாட்டார். 'தவறு' என்று சிவப்பு விளக்கெல்லாம் எரியாது. பேச்சு முறிந்துபோகும், அவ்வளவுதான். அப்படியே என் ரொட்டிக்கடை!

போர்ட்லாண்ட் அரசுப் பல்கலைக்கழகத்தில் 'க்ரோனோஆப்ஸ்' என்று இன்னொன்று செய்தார்கள். 2070-இலிருந்து வந்த உளவாளிகளாக மாணவர்கள் வளாகத்தைச் சுற்ற வேண்டும். மூன்று பேருக்கு ஒரே செல்பேசி. ஆளுக்கொன்று கொடுத்தால் அவரவர் குனிந்துகொள்வார்கள். ஒன்றே ஒன்று என்றால் சண்டை போட்டாவது பேசுவார்கள். சிக்கனமும் ஆயிற்று, பாடமும் ஆயிற்று.

பொறியியல் கல்லூரி மேடையில் இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் எங்கள் துறைத்தலைவர் கோபித்துக்கொள்வார். ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறு காட்டியது. இன்று திறந்த வெளியில் சாதாரண செல்பேசிக்கே சுமார் ஐந்து மீட்டர்தான் பிழை. ஆனால் சுவர்களில் பட்டு எதிரொலித்து வரும் சமிக்ஞை நீண்ட வழியில் வருவதால் கணக்கு புரளும். சென்ற ஆண்டு நானும் மூன்றாமாண்டு மாணவர்கள் சிலரும் சேர்ந்து, இந்த வளாகத்திலேயே ஜெர்மன் கற்பிக்கும் விளையாட்டு ஒன்றைச் செய்து பார்த்தோம். நூலகத்துக்கும் புதிய பிளாக்குக்கும் நடுவில் நின்ற பெண்ணை, சைக்கிள் ஸ்டாண்டில் நிற்பதாகச் செல்பேசி சாதித்தது. கடைசியில் சுவரில் க்யூ.ஆர். குறி ஒட்டித்தான் மானத்தைக் காப்பாற்றினோம்.

அதைவிடப் பெரிய தோல்வி வேறு. பையன்கள் எதையும் படிக்காமல், தட்டித் தட்டியே இருபது நிமிடத்தில் ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். ஒரு மாணவி கேட்டாள்: "சார், நம்ம கேன்டீன் வாசல்ல நின்னு எதுக்கு சார் ஜெர்மன்ல டீ கேக்கணும்? மாஸ்டருக்குத் தமிழ் தெரியுமே!" பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். லோஸ் கிரியேகோஸில் தெருவே ஸ்பானிஷ் பேசுகிறது. நம் வளாகம் எந்த மொழி பேசுகிறது?

அன்றிரவு என் பழைய அறைத்தோழன் நினைவு வந்தது. 2006-இல் பூடானிலிருந்து வந்தவன். முதலாண்டு விடுதியில் என் பக்கத்துக் கட்டில். மெஸ்ஸில் ஒருநாள் "சாதம் போடு" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டான். வரிசையே சிரித்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன். சிரித்தேனே தவிர, "போடுங்கண்ணே" என்று சொல்லணும்டா என்று ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. அதன்பிறகு அவன் தட்டை நீட்டுவான், வாய் திறக்க மாட்டான். முதலாண்டு முடிந்து ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. காரணம் அது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதுவும்தான்.

இன்று நம் விடுதிகளில் நேபாளம், தான்சானியா, ருவாண்டா மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அயல்மொழி நம் தமிழ். வளாகம் முழுக்க, கேட்டுக்கு வெளியே டீக்கடை வரை, அந்த மொழிதான் பேசுகிறது. ஆகவே ஜெர்மனை மூட்டை கட்டிவிட்டு, தமிழ் விளையாட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். மெஸ் அண்ணன், வாட்ச்மேன் தாத்தா, ஜெராக்ஸ் கடை அக்கா ஆகியோரே கதைமாந்தர், குரல்களும் அவர்களுடையவையே. "குடு" என்று கேட்டால் அண்ணன், "வரிசையில நில்லுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். "குடுங்கண்ணே" என்றால்தான் கதை நகரும். மூன்று பேருக்கு ஒரு போன். மூவரில் ஒருவர் உள்ளூர்க்காரராக இருந்தே தீர வேண்டும். தட்டித் தட்டி ஓடிவிடாமல் இருக்க, கடைசித் துப்பை மட்டும் போன் சொல்லாது. நிஜ டீ மாஸ்டரிடம் வாய் திறந்து கேட்டு வாங்க வேண்டும்.

வருகிற ஆகஸ்டில் முதலாண்டு மாணவர்கள் வருவதற்குள் இதை முடிக்க வேண்டும். முன்னாள் மாணவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய செல்பேசிகளைத் தந்து உதவினால் போதும், காசு வேண்டாம்.

போன மாதம் அந்த நண்பனைத் தேடிப் பிடித்துத் திம்புவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். பிறகு, விளையாட்டில் முதலில் எந்த வாக்கியத்தை வைக்கலாம் என்று கேட்டேன். காரம் தாங்காமல் தவித்திருப்பான், "காரம் வேண்டாம்" என்பான் என்று நினைத்தேன். அவர்கள் ஊரில் மிளகாய்தான் காய்கறியே என்பது எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் முழுக்க அவன் கேட்க நினைத்துக் கேட்காமல் போன வாக்கியம் இதுதானாம்: "அண்ணே, பச்சை மிளகாய் இருக்கா?"

அதைத்தான் முதலில் வைத்திருக்கிறோம்.