கணினி விற்றவர் ஆசிரியரைத் தேடி வந்தார்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியின் நிறைவில் ஆற்றிய உரை)



என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த நடுநிலைப் பள்ளிக்கு முதன்முதலில் கணினி வந்தபோது, அந்த அறையைப் பூட்டிச் சாவியை என் மேசையில் வைத்துக்கொண்டேன். பழுதானால் நான்தானே பதில் சொல்ல வேண்டும் என்பது ஒரு பயம். கணினியே பாடம் நடத்திவிட்டால் நமக்கு என்ன வேலை என்பது இன்னொரு பயம். அந்த இரண்டாவது பயத்தைப் போக்கியது அசிம் பிரேம்ஜியின் வாழ்க்கை.

1966-இல் அவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர். வயது 21. தந்தை இறந்த செய்தி வர, படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். மகாராஷ்டிரத்தின் அமல்நேரில் வனஸ்பதி தயாரித்துவந்த குடும்ப நிறுவனம் அவர் பொறுப்புக்கு வந்தது. அதுதான் விப்ரோ. 1970-களின் இறுதியில் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்த வெற்றிடத்தைக் கண்டு கணினித் தொழிலில் இறங்கினார். பின்னர் மென்பொருளிலும் வளர்ந்தார். பாதியில் விட்ட பட்டத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துப் படித்து முடித்தார். கற்பதற்கு வயதில்லை என்று நாம் மாணவர்களிடம் சொல்வதற்கு அவரே சான்று.

2001-இல் அவரது அறக்கட்டளை பணியைத் தொடங்கியது. கணினி நிறுவனத் தலைவர் அல்லவா? தொடக்க காலத்தில் பாடங்களைப் பல இந்திய மொழிகளில் குறுந்தகடுகளாக்கி அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அனுபவம் அவர்களுக்கே பாடம் சொன்னது: கருவியால் மட்டும் கற்றல் மேம்படாது, ஆசிரியரே அச்சாணி. உடனே பாதையை மாற்றினார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பேசவும் படிக்கவும் கற்றல் மையங்கள் அமைத்தார்கள். 2010-இல் பெங்களூருவில் ஒரு பல்கலைக்கழகம் உருவானது. 2019 வரை அவர் அறப்பணிக்கு ஒதுக்கிய சொத்தின் மதிப்பு சுமார் 1.45 லட்சம் கோடி ரூபாய்.

தொகையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, தவறிய இடத்தை ஒப்புக்கொண்ட அந்த நேர்மைதான்.

இதைப் படித்த பிறகு, சாவியை எங்கள் கணித ஆசிரியையிடம் கொடுத்தேன். அவர் பின்னம் நடத்த உடனே கணினியைத் திறக்கவில்லை. சப்பாத்தியைப் பிய்த்துப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டார். "நாலில் ஒண்ணு பெருசா, எட்டில் ஒண்ணு பெருசா?" என்று கேட்டார். அவர்கள் சண்டை போட்டு விடை கண்டபிறகே திரையில் படத்தைக் காட்டினார். எதை எப்போது காட்ட வேண்டும் என்பது கணினிக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது.

நாளை பள்ளிக்குச் சென்றதும், அங்கே பூட்டிக் கிடப்பது எது என்று பாருங்கள். முதலில் அதைத் திறங்கள்.