கட்டிய கட்டணம் திரும்பி வருமா?

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் பின்னலாடை ஏற்றுமதிக் கணக்கு எழுதுபவன் நான். அண்மையில் கல்லூரி மாணவர் சிலர் என்னிடம் ஒரு வினா எழுப்பினர். “கிரிப்டோ பரிமாற்றத்திற்கு முன்பு கட்டிய கட்டணத்திற்காக இப்போது டோக்கன் தருகிறார்களாமே; நம் ஏற்றுமதியாளர்கள் பெறும் வரித் திருப்பம் போன்றதுதானே அது?” என்றனர். ஒப்புமை அழகியது, ஆயினும் பாதிதான் பொருந்தும்.

முதலில் நம் ஊர்ச் செய்தி. ஒரு பனியன் கப்பலேறுமுன் அதன்மேல் பல வரிகள் மறைவாக ஏறிவிடுகின்றன. லாரிக்கு ஊற்றிய டீசல் மீதான வரி, மின்சார வரி ஆகியன அத்தகையன. ஜி.எஸ்.டி.யைப் போல் இவற்றைத் தனியே திரும்பப் பெற வழியில்லை. அயல்நாட்டு வணிகரோ நம் வரியைச் சுமக்க மாட்டார். வங்காளதேசத்துச் சட்டை அடுத்த கொக்கியிலேயே தொங்குகிறது. ஆதலின் 2019 மார்ச் 7 முதல் ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கிடைப்பது ரொக்கமன்று, ஸ்கிரிப் என்னும் வரவுச் சான்று. அதைக் கொண்டு இறக்குமதிச் சுங்கம் செலுத்தலாம். இறக்குமதி இல்லாதவர் பிறருக்கு விற்கலாம். விலை முகமதிப்பைவிடச் சற்றுக் குறையும், அவ்வளவே. சுங்கத்துறை அதை ரூபாயாக ஏற்பதால்தான் வாங்க ஆள் இருக்கிறது. (மாநில வரிக்கும் மத்திய அரசே ஈடு தருவது தனி வேடிக்கை.)

இனி எத்திரியத்திற்கு வருவோம். அங்கே ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் ‘காஸ்’ என்னும் கட்டணம் உண்டு. 2021 ஆகஸ்ட் முதல் அதன் அடிப்படைப் பகுதி எவர் கைக்கும் போகாமல் அழிக்கப்படுகிறது. எஞ்சியது பரிமாற்றத்தைப் பதிவு செய்வோர்க்குச் சேர்கிறது. பிற்பாடு டோக்கன் வழங்குவோர் அப்பணத்தில் ஒரு காசும் பெற்றவரல்லர்! அவர்கள் புதிதாக ஒன்றை அச்சிட்டு வழங்குகின்றனர். அதற்கு மதிப்பு உண்டானால், அது பின்னர் வாங்குவோரின் பையிலிருந்து வருவதேயாகும்.

2020 செப்டம்பரில் யூனிஸ்வாப் என்னும் பரிமாற்றகம், அம்மாதம் முதல் நாளுக்கு முன் தன்னைப் பயன்படுத்திய ஒவ்வொரு முகவரிக்கும் 400 டோக்கன் அளித்தது. சில நாட்களிலேயே அதன் மதிப்பு ஆயிரம் டாலரைத் தாண்டிற்று. பெற்றவர் மகிழ்ந்தது உண்மை. 2022 ஜனவரியில் வேறொரு டோக்கன், பழைய காஸ் செலவையே அளவுகோலாக்கி வந்தது. அதைப் பெறுவதற்கும் ஒரு கட்டணம் வைத்தார்கள்! சந்தையில் இருப்பு மிகச் சிறிதாயிருந்தமையால் தானியங்கி நிரல்கள் முந்திக்கொண்டன. அவசரப்பட்டு வாங்கியோர் பெருநட்டம் அடைந்தனர்.

“அப்படியானால் இப்போதே நிறையப் பரிமாற்றம் செய்து வைத்தால் நாளை கிடைக்காதா?” என்றார் ஒரு மாணவர். யூனிஸ்வாப் கணக்கெடுத்த நாள், அது கடந்த பின்னரே வெளியாயிற்று என்றேன். இன்று கட்டும் கட்டணமோ இன்றே போய்விடும். நம் நாட்டில் 2022 ஏப்ரல் முதல், டோக்கனை விற்ற ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரி. வாங்கிய விலையன்றி வேறெச் செலவையும் கழிக்க இயலாது. காஸ் கட்டணமும் அவ்வாறு கழியாத செலவே. அம்மாணவர் தம் கைபேசியில் தம் முகவரியின் பழைய கட்டணங்களைக் கூட்டத் தொடங்கினார்.