காரினுள் இசை: அளவும் எல்லையும்

மோட்டார் வண்டியினுள் இசை ஒலிக்கத் தொடங்கி நூறாண்டு நிறையும் காலம் அண்மித்துவிட்டது. 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இயங்கிய கல்வின் நிறுவனத்தார் 'மோட்டரோலா' என்னும் பெயருடன் காருக்குரிய வானொலிப் பெட்டியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தனர். வால்வுகளால் இயங்கிய அத்தகைய பெட்டிகளுக்குப் பின், 1955இல், திரான்சிஸ்டர்களால் மட்டுமே இயங்கும் வானொலி கிறைஸ்லர் நிறுவனத்தின் கார்களில் இடம்பெற்றது. அக்காலப் பயணிக்குப் பெரும்பாலும் முன்பலகையில் அமைந்த ஓர் ஒலிபெருக்கியே போதுமாயிருந்தது. இக்காலத்திலோ கதவுகளில் ஒலிபெருக்கிகள், அவற்றுக்கு மேலே 'ட்வீற்றர்' எனப்படும் சிறு ஒலிபெருக்கிகள், பின்பெட்டியில் 'சப்வூபர்' எனப்படும் பெரிய ஒலிபெருக்கி, இவற்றையெல்லாம் இயக்குவதற்கு ஆசனத்தின் கீழே 'அம்பிளிபயர்' என்னும் பெருக்கி எனக் கருவிகள் பெருகிவிட்டன.

கருவிகள் பெருகிய அளவுக்கு அவற்றைப் பற்றிய தெளிவு பெருகவில்லை. இளைஞன் ஒருவன் தன் சம்பளத்தில் மிச்சம்பிடித்து நல்லதோர் அம்பிளிபயரை வாங்கித் தன் காரிற் பொருத்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதன் பக்கத்தில் 'கெயின்' என்று எழுதப்பட்ட திருகு ஒன்று உண்டு. காசு கொடுத்துப் பெற்ற வலு முழுவதையும் பெறவேண்டும் என்னும் எண்ணத்தால் அதனை வலப்புறமாக இறுதிவரை திருப்பிவிடுகிறான். சில நாட்கள் கார் அதிர்கிறது. பின்னர் ஒருநாள் ட்வீற்றர் ஊமையாகின்றது. புதியது வாங்கிப் பூட்டுகிறான், அதுவும் ஊமையாகின்றது. பொருள் போலியானது என்று கடைக்காரரைக் கடிந்துகொள்கிறான். குற்றம் பொருளில் இல்லை. 'கெயின்', 'கிறொஸ்ஓவர்' என்னும் இரண்டு அமைப்புகளின் பொருளை அவன் அறிந்துகொள்ளாமையே அதற்குக் காரணம்.

முதலிற் கெயினை நோக்குவோம். அது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு அன்று. அந்த வேலைக்கு முன்பலகையிலுள்ள வானொலிப் பெட்டியில் வேறொரு திருகு உண்டு. அப்பெட்டியிலிருந்து வரும் மெல்லிய மின்குறி எவ்வளவு வலிமையுடையது என்பதை அம்பிளிபயருக்கு அறிவிப்பதே கெயினின் தொழில். ஒரு பெட்டி 2 வோல்ற் தரலாம். இன்னொன்று 4 வோல்ற் தரலாம். அம்பிளிபயர் 20 வோல்ற் வெளியிட வேண்டுமாயின் முன்னதைப் பத்து மடங்காகவும் பின்னதை ஐந்து மடங்காகவும் பெருக்கவேண்டும். அந்த மடங்கையே கெயின் நிர்ணயிக்கின்றது. இதனை மூக்குக் கண்ணாடிக்கு ஒப்பிடலாம். கண்ணுக்குப் பொருந்திய கண்ணாடியே நல்ல கண்ணாடி. மிகுந்த வலிமையுள்ள கண்ணாடியை அணிந்தவனுக்குப் பார்வை மிகுவதில்லை, கலங்குகின்றது. அவ்வாறே கெயினை மிகைப்படுத்துவதால் அம்பிளிபயரின் வலு ஒரு வாற்றேனும் கூடுவதில்லை. அதன் உச்சவலு அது செய்யப்பட்டபோதே வரையறுக்கப்பட்டுவிட்டது.

அங்ஙனமாயின் மிகையான கெயின் என்ன செய்கின்றது? இசையின் மின்குறி அலை வடிவினது; முகடும் பள்ளமுமாக ஏறி இறங்குவது. அம்பிளிபயரால் வெளியிடக்கூடிய மின்னழுத்தத்துக்கு ஓர் உச்சம் உண்டு. அலையின் முகடு அவ்வுச்சத்தை மீற முயலும்போது, அதன் தலை கத்தியாற் சீவப்பட்டதுபோலத் தட்டையாகின்றது. தலை முற்றாகத் தட்டையாகிச் சதுர வடிவம் பெற்ற அலை, அதே உயரமுள்ள ஒழுங்கான அலையைப்போல் இருமடங்கு வலுவைச் சுமக்கின்றது. 100 வாற் கொடுக்கவேண்டிய அம்பிளிபயர் இவ்விதம் 200 வாற் வரை ஒலிபெருக்கியினுள் தள்ளிவிடலாம். அத்துடன், மூலப்பாட்டில் இல்லாத உச்சமான சுரங்களும் அச்சீவலிலிருந்து பிறக்கின்றன. அவை நேரே ட்வீற்றரைச் சென்றடைகின்றன. அதன் கம்பிச் சுருளோ மயிரிழை போன்றது. வெப்பத்தைத் தாங்கமாட்டாமற் கருகிவிடுகின்றது. நம் இளைஞனின் ட்வீற்றர் ஊமையான கதை இதுவே.

கெயினை முறையாக அமைப்பதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. மாறுமின்னோட்டத்தை அளக்கும் 'மல்டிமீற்றர்' என்னும் பல்மானியும், ஒரே சுரத்தை இடைவிடாது ஒலிக்கும் பரிசோதனைப் பதிவும், சிறு கணக்கும் போதும். அம்பிளிபயரின் வலுவை ஒலிபெருக்கியின் தடையாற் பெருக்கி, வரும் தொகையின் வர்க்கமூலத்தைக் கண்டால் வேண்டிய வோல்ற் கிடைக்கும். வலு 100 வாற், தடை 4 ஓம் எனின், பெருக்கம் 400. அதன் வர்க்கமூலம் 20. ஆகவே 20 வோல்ற்றே இலக்கு. 75 வாற் எனின் இலக்கு 17.3 வோல்ற். ஒலிபெருக்கியின் தாங்குதிறன் அம்பிளிபயரின் வலுவிலும் குறைந்ததாயின், அக்குறைந்த எண்ணையே கணக்கில் எடுத்தல் வேண்டும்.

இனிச் செய்கை முறை. ஒலிபெருக்கிக் கம்பிகளை அம்பிளிபயரிலிருந்து கழற்றி, அவற்றின் நுனிகள் ஒன்றையொன்று தொடாதவாறு விலக்கி வைக்கவேண்டும். வானொலிப் பெட்டியில் மந்தர ஒலியையும் தார ஒலியையும் கூட்டிக் குறைக்கும் அமைப்புகள் அனைத்தையும் சமநிலையில் நிறுத்தவேண்டும். கெயினை முற்றாகக் குறைத்தபின் பரிசோதனைச் சுரத்தை ஒலிக்கவிட்டு, பெட்டியின் ஒலித்திருகை அது கலக்கமின்றித் தரக்கூடிய உயர்ந்த நிலைக்கு உயர்த்தவேண்டும். பல பெட்டிகளில் இது முழு அளவின் முக்காற்பங்கு அளவில் அமையும். பின்னர் பல்மானியின் முனைகளை அம்பிளிபயரின் வெளிவாய்களில் வைத்து, இலக்காகிய வோல்ற் தோன்றும்வரை கெயினைச் சிறிது சிறிதாகத் திருப்பவேண்டும். அங்கே கையை எடுத்துவிடுதல் வேண்டும். அதன்பின் செவிக்கேற்ற சமனிலையை நாடிக் கெயினைக் குறைக்கலாம், கூட்டலாகாது.

பல்மானிக்கு ஒரு குறைபாடு உண்டு. அலையின் தலை சீவப்பட்டுள்ளதா என்பதை அது காட்டாது. வோல்ற்றை மட்டுமே காட்டும். அம்பிளிபயரின் மேல் அச்சிடப்பட்ட வாற் கணக்கு மிகைக்கூற்றாயின், அதனை நம்பிக் கண்ட இலக்கும் பிழையாகும். அலையின் வடிவத்தைத் திரையிற் காட்டும் அலைகாட்டி உடையோர் அதனைக் கொண்டு பார்ப்பதே மேலானது. இன்னுமொன்று, பல அம்பிளிபயர்களில் மந்தர ஒலியை உயர்த்தும் திருகொன்று தனியாக உண்டு. அதனை 6 டெசிபெல் உயர்த்தினால் அச்சுரங்களுக்கு நான்கு மடங்கு வலு வேண்டப்படும். கெயினைக் கவனமாக அமைத்துவிட்டு அத்திருகைத் திருப்புபவன், முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்துவைத்தவனை ஒப்பான்.

அடுத்தது கிறொஸ்ஓவர். ஒலியின் எல்லைகளைப் பிரித்து, அவ்வவ் ஒலிபெருக்கிக்கு உரிய பங்கை மட்டும் அதற்கு அனுப்பும் அமைப்பு இது. மிருதங்கத்தின் இடந்தலையும் வலந்தலையும் ஒரே மரத்தில் அமைந்தவையாயினும் ஒன்றின் நாதத்தை மற்றொன்றிலிருந்து வித்துவான் எதிர்பார்ப்பதில்லை. மனிதனின் செவி செக்கனுக்கு 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரை, அதாவது 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை, கேட்கவல்லது. இத்துணை அகன்ற பரப்பை ஒரே ஒலிபெருக்கி செவ்வையாக ஒலித்தல் அரிது. ஒலியின் உரப்பு மாறாதிருக்க, சுரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்குமாயின், ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசையவேண்டும். இரண்டு ஸ்தாயி இறங்கினால் பதினாறு மடங்கு. ஓர் அங்குல அகலமே உள்ள ட்வீற்றரிடம் தவிலின் முழக்கத்தைக் கேட்பது அதனை முறித்துவிடுவதற்கு ஒப்பானது.

வழக்கமான எல்லைகள் இவை. சப்வூபருக்கு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளவை. கதவிலுள்ள ஒலிபெருக்கிக்கு 80இலிருந்து ஏறத்தாழ 3,000 வரை. அதற்கு மேற்பட்டவை ட்வீற்றருக்கு. 80 என்னும் எண்ணுக்குக் காரணம் உண்டு. அச்சுரத்தின் அலைநீளம் காற்றில் 4.3 மீற்றர், சிறிய காரொன்றின் நீளத்துக்கு ஏறத்தாழச் சமம். இத்துணை நீண்ட அலை எத்திசையிலிருந்து வருகின்றது என்பதைச் செவி எளிதில் அறியாது. அதனால் பின்பெட்டியிலுள்ள சப்வூபரின் ஒலியும் முன்னாலிருந்து வருவதுபோலவே தோன்றும். எல்லையை 150க்கு உயர்த்திவிட்டாலோ பாடகரின் குரலில் ஒரு பகுதி முதுகுப்புறத்திலிருந்து எழும். பாட்டு இரண்டாகப் பிளந்துவிடும்.

எல்லை என்பது செங்குத்தான சுவர் அன்று, ஒரு சரிவு. அச்சரிவு ஸ்தாயிக்கு 12 டெசிபெல் எனவோ 24 டெசிபெல் எனவோ குறிக்கப்படும். எண் பெரிதாயின் சரிவு கடிது. 1976இல் லிங்க்விற்ஸ், றைலி என்னும் இரு பொறியியலாளர் வகுத்த முறையில், எல்லைச் சுரத்தில் இரு ஒலிபெருக்கிகளும் 6 டெசிபெல் குறைந்து ஒலிக்கும். இரண்டும் ஒருங்கு சேரும்போது பள்ளமோ மேடோ இன்றி ஒலி சமனாகும். அம்முறையில் 24 டெசிபெல் சரிவுக்குக் கம்பிகளை உள்ளபடியே இணைக்கலாம். 12 டெசிபெல் சரிவாயின் இரண்டில் ஒன்றின் கம்பிகளை மாற்றி இணைக்கவேண்டும். இல்லையேல் எல்லைச் சுரத்தில் ஒன்றின் ஒலியை மற்றொன்று விழுங்கிவிடும்.

கெயினும் கிறொஸ்ஓவரும் ஒன்றையொன்று தழுவியவை. பரிசோதனைச் சுரம் அந்தந்த ஒலிபெருக்கியின் எல்லையினுள் அமைந்ததாக இருத்தல் வேண்டும். சப்வூபருக்கு 50 ஹேர்ட்ஸும் கதவு ஒலிபெருக்கிக்கு 1,000 ஹேர்ட்ஸும் பொருந்தும். எல்லையை 80இல் 24 டெசிபெல் சரிவுடன் அமைத்த கதவு ஒலிபெருக்கிக்கு 40 ஹேர்ட்ஸ் சுரத்தை ஒலிக்கவிட்டால், பல்மானி உண்மையான அழுத்தத்தில் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்கையே காட்டும். அதனைக் கண்டு இன்னும் இன்னும் கெயினைத் திருப்புவோர் பலர். கருவியைக் கையில் வைத்துக்கொண்டே கருவியைக் கெடுப்பது இவ்வாறுதான். மலிவான பல்மானிகள் சில 1,000 ஹேர்ட்ஸிற் பிழை காட்டும் என்பதையும் நினைவிற்கொள்ளல் நன்று.

ட்வீற்றர் கருகினால் வேறொன்று வாங்கலாம். மாற்றமுடியாத ஒலிக்கருவி ஒன்றும் அக்காரினுள் உண்டு. மனிதச் செவியின் உட்பகுதியில் ஏறத்தாழ 15,000 உணர்மயிர்க் கலங்கள் உள. ஒருமுறை அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணித்தியாலத்துக்கு மேற் கேட்கலாகாது என்பதும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்நேரம் பாதியாகின்றது என்பதும் தொழிற் சுகாதார வல்லுநர் வகுத்த அளவு. அக்கணக்கின்படி 100 டெசிபெல் ஒலிக்கு உரிய நேரம் 15 நிமிடம் மாத்திரமே. கண்ணாடிகள் மூடிய காரினுள் அவ்வளவு ஒலியை எழுப்புதல் இக்காலக் கருவிகளுக்கு எளிது. பின்னாசனத்தில் குழந்தை உறங்கும் வண்டியில் இக்கணக்கு வெறும் எண்கணிதம் ஆகாது.

தெருவில் நிற்போர் திரும்பிப் பார்க்கவேண்டும் என்பது நோக்கமாயின் கெயினை இறுதிவரை திருப்புதல் போதும். பாடகரின் மூச்சும் வீணையின் மீட்டும் உள்ளவாறே செவியை அடையவேண்டும் என்பது நோக்கமாயின், அளவிட்ட இடத்தில் நிறுத்துதல் வேண்டும். அவ்விளைஞன் மூன்றாவது ட்வீற்றரை வாங்குவதற்கு முன் ஒரு பல்மானியை வாங்குவானாயின், தன் பழைய பாட்டுகளில் அதுவரை கேளாத நுட்பங்கள் பலவற்றை அன்று மாலையே கேட்பான்.