வேலூர் ஈன்ற அரசு வழக்கறிஞர்



சென்னையில் எத்திராஜ் சாலை என்றால் தெரியாதவர் இல்லை. ஆனால் அந்தப் பெயருக்குரியவர் 1890-ஆம் ஆண்டு நம்முடைய இந்த வேலூரிலே பிறந்தவர் என்பதை இவ்வூர்ப் பிள்ளைகளிடம் கேட்டால் பத்தில் ஒருவராவது சொல்வாரா என்பது எனக்கு ஐயமே, அந்த ஐயம் எனக்கு மிகுந்த வருத்தத்தையும் தருகிறது. அயர்லாந்து சென்று பாரிஸ்டராகத் திரும்பி, சென்னை உயர்நீதிமன்றத்தில் தொழில் நடத்தி, வெள்ளையர்களே வகித்துவந்த கிரௌன் பிராசிக்யூட்டர் என்னும் அரசு வழக்கறிஞர் ஸ்தானத்தில் அமர்ந்த முதல் இந்தியர் என்னும் கீர்த்தியை அடைந்தவர் வி. எல். எத்திராஜ்.

அந்நியருடைய உத்தியோகம்தானே என்று முகஞ்சுளிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் பணிவுடன் கூறுவது இது: அரசு வழக்கறிஞர் அரசனுடைய கோபத்துக்கு வாய்கொடுக்கும் வேலைக்காரர் அல்லர், கூண்டில் நிற்பவனுக்குச் சாதகமான சாட்சியம் தம் கையில் அகப்பட்டால் அதையும் மறைக்காமல் மன்றத்தின் முன் வைக்கக் கடமைப்பட்டவர். குற்றஞ்சாட்டும் கட்சியின் பலமும் பலவீனமும் அறிந்த அந்த அனுபவம் பிற்காலத்தில் எதிர்த்தரப்புக்கும் உதவிற்று. 1944-இல் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தபின், அந்தக் கொலை வழக்கில் திரை நடிகர்களான தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் மறு ஆண்டு ஆயுள் தண்டனை பெற்று, உயர்நீதிமன்றத்திலும் நியாயம் கிட்டாமல், லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், மறு விசாரணைக்கென வழக்கு சென்னைக்கே திரும்பி வந்தபோது, அவர்களுக்காக வாதாடியவர் எத்திராஜ்தான். 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். தமிழ்நாடே கொண்டாடிய கலைஞர்கள் இரண்டாண்டுக்கு மேல் சிறையில் வாடி மீண்ட நாள் அது.

மறு ஆண்டே, 1948-இல், தாம் ஈட்டிய செல்வத்தை வாரி வழங்கிப் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவினார். வழக்கு மன்றப் புகழைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஏனென்றால், இதே பாலாற்றங்கரையில் பொழுது விடியுமுன் கம்பெனி வேனுக்காகச் சாப்பாட்டுத் தூக்குடன் சாலையோரம் காத்து நிற்பவர்கள் பெண்கள். நாள் முழுதும் தையல் எந்திரத்தின்மீது குனிந்து, ஷூவின் மேல்தோலில் இழை பிசகாமல் தைத்து, கை விரல்களில் பசையின் வாடையோடு வீடு திரும்புகிறவர்களும் அவர்களே. அவர்கள் தைத்த காலணி ஐரோப்பியக் கடைவீதிகளில் விற்கிறது. அவர்களுடைய மகள் கறுப்பு அங்கி அணிந்து அரசுத் தரப்பில் எழுந்து நிற்கக்கூடாதா? 2008 முதல் இம்மாவட்டத்திலேயே அரசு சட்டக்கல்லூரி இருக்கிறது. தூரத்தைக் காரணமாகச் சொல்ல இனி வழியில்லை, செலவு ஒன்றே தடை.

ஆகவே தோல் தொழிலதிபர்களே, எத்திராஜ் பெயரில் தொழிலாளர் வீட்டுப் பெண்களின் சட்டப் படிப்புக்கு ஒரு நிதியை இவ்வாண்டே தொடங்க வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொள்கிறேன். அதற்கு முதல் தொகையாக என்னுடைய ஒரு மாத ஓய்வூதியத்தைச் செயலாளரிடம் இப்போதே ஒப்படைக்கிறேன்.