தோட்டத்துக்கு நடந்து போங்கள்
(போடிநாயக்கனூர்ப் பகுதி உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விதை, உரம், மருந்து ஆகியவற்றைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று காசு கொடுத்து வாங்க வேண்டாத ஓர் இடுபொருளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது உங்கள் கால் நடை.

நம் பகுதிக்கு நடை புதிதல்ல. ஒரு காலத்தில் மூணாறு மலைத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்தது. ஏலத் தோட்டங்களுக்கு ஆட்கள் மலைப்பாதையில் நடந்தே ஏறினார்கள். பிறகு சாலை வந்தது, ஜீப் வந்தது. அதனால் கிடைத்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் இன்று தெருமுனைப் பெட்டிக் கடைக்கும், பால் சங்கத்துக்கும், கூப்பிடு தூரத்துத் தோட்டத்துக்கும்கூட வண்டியை உதைத்துக் கிளப்புகிறோம். இது தேவைதானா என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் தோட்டம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். காலை ஒரு முறையும் மாலை ஒரு முறையும் போய் வந்தால், நாள் ஒன்றுக்கு 8 கிலோமீட்டர். ஆண்டுக்கு 300 நாட்கள் என்றால் 2,400 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி இதற்கு 48 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 4,800 ரூபாய். டயர், ஆயில், பழுது பார்ப்புச் செலவு தனி. குறுகிய தூர ஓட்டத்தில் இயந்திரம் சூடேறும் முன்பே நிறுத்தி விடுவதால் பெட்ரோல் இன்னும் கூடுதலாகவே செலவாகும். அதோடு ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. பருவமழை தவறுவதைப் பற்றிக் கவலைப்படும் நாம் இதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்து உடல் நலம். "உழவனுக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்று சிலர் கேட்பார்கள். மண்வெட்டி பிடித்தவனுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். ஆள் வைத்து வேலை வாங்கி, வண்டியிலேயே போய் வருகிறவர்களுக்குப் பொருந்தாது. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இப்போது கிராமங்களிலும் பெருகிவிட்டன. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2 கிலோமீட்டர் நடக்கச் சுமார் 25 நிமிடம் ஆகும். வாரத்தில் மூன்று நாள் நடந்து போய் நடந்தே திரும்பினால் இந்த 150 நிமிடம் நிறைவேறி விடும். சைக்கிளில் போனால் அதே தூரத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

மூன்றாவதாக, பயிர். இதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. போய்ப் பார்க்காத உழவனிடம் நிலம் ஊடல் கொள்ளும் என்று திருவள்ளுவர் சொல்லியிருக்கிறார். ஏலக்காய் பயிரிடும் ஒரு நண்பர் நாள் தவறாமல் தோட்டத்துக்கு வண்டியில் போய் வந்தார். ஆனால் வண்டி நிற்கும் மேல் ஓரத்தை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்பினார். கீழ்ச் சரிவில் தண்டுத் துளைப்பான் பரவியது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது நடுக்குருத்துகள் காய்ந்திருந்தன. மஞ்சள் நிறத்தில் கருப்புப் புள்ளிகள் கொண்ட இதன் அந்துப்பூச்சிகள் தென்பட்டதும், இளம்புழுப் பருவத்திலேயே நடவடிக்கை எடுக்க வேண்டும். புழு தண்டுக்குள் புகுந்த பின் மருந்து எட்டுவது கடினம். மழைக்காலத்துக் காய் அழுகலும் அப்படித்தான். தென்னையில் காண்டாமிருக வண்டு வெட்டிய மட்டையும், மாம்பூவில் தத்துப்பூச்சியும் நடந்து போகிறவர் கண்ணில்தான் முதலில் படும்.

அப்படியானால் வண்டியே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அங்கே சைக்கிளில் போங்கள் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மலைக்குப் பேருந்தில் போங்கள். அல்லது நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஜீப்பில் போங்கள். ஆனால் ஆட்களை அளவுக்கு மீறி அடைத்துக் கொண்டு போவது கூடாது. மூடுபனியிலும் மழையிலும் அந்தப் பாதையில் ஒரு சிறு தவறுகூட உயிரைப் பறித்துவிடும். கூலிக்கு வருகிறவர்களின் உயிரும் நம் பொறுப்பே. மதுரைக்குப் போக இரயில் இருக்கிறது. 2010 முடிவில் நின்ற போடி இரயில், அகலப்பாதையாகி 2023 ஜூன் மாதம் மீண்டும் வந்துவிட்டது. அதைப் பயன்படுத்துங்கள்.

நடப்பவர்கள் சில எச்சரிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் நடக்க வேண்டாம். இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

2. சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். சைக்கிளில் போகிறவர்கள் இடது ஓரமாகப் போங்கள். இருட்டில் கைவிளக்கு அவசியம்.

3. மலைத் தோட்டத்தில் அந்தி நேரத்தில் தனியாக நடக்காதீர்கள். யானையும் காட்டுமாடும் நடமாடும் இடம் அது.

4. கோடையில் வனத்துறை அனுமதியின்றிக் காட்டுப் பாதையில் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் மாண்டதை நாம் மறக்க முடியாது.

5. சைக்கிளில் கைப்பிடியில் மூட்டையைத் தொங்கவிடாதீர்கள். பின் தாங்கியில் இறுகக் கட்டுங்கள். வாரம் ஒரு முறை பிரேக்கைச் சோதியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. நாளைக் காலை ஒரு வேளை மட்டும் வண்டிச் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு நடந்து போங்கள். மேல் ஓரத்தில் நின்றுவிடாமல் கடைசி வரப்பு வரை சென்று பாருங்கள். அங்கே நீங்கள் இதுவரை கவனிக்காத ஏதேனும் ஒன்று கண்ணில் படும். அடுத்த கூட்டத்தில் அது என்ன என்பதை எங்களுக்கும் சொல்லுங்கள்.