சிபாரிசிலிருந்து தகைமைக்கு

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது எங்கள் பேத்திமாருக்கும் தெரிந்த பழமொழி. அரச உத்தியோகத்தின் மேல் எங்கள் சமூகத்துக்கு இருந்த ஆசையை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை. அந்த உத்தியோகம் யாருக்கு, எந்த வழியால் கிடைத்தது என்பதைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன்.

பிரித்தானியர் இலங்கையில் சிவில் சேவையைத் தொடங்கியது 1798இல், தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் காலத்தில். அன்று அதற்குள் நுழையும் வாசல் பரீட்சையன்று, தயவு. இலண்டனில் அமைச்சரைத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தேசாதிபதியின் கண்ணிற் பட வேண்டும். இந்தியாவிலும் கிழக்கிந்தியக் கம்பனியின் இயக்குநர்கள் நியமன உரிமையைத் தங்களுக்குள் பங்கு போட்டு, மக்களுக்கும் மருமக்களுக்கும் நண்பரின் பிள்ளைகளுக்கும் கொடுத்து வந்தார்கள். எங்கள் கிராமங்களின் நிலையும் வேறல்ல. மணியகாரர், உடையார், விதானையார் என்ற பதவிகள் பெரும்பாலும் குறித்த சில குடும்பங்களையே சுற்றி வந்தன.

கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் சிபாரிசுகளை அடுத்து, 1833இல் இச்சேவை கொள்கையளவில் இலங்கையருக்கும் திறந்து விடப்பட்டது. ஆனால் அதே சீர்திருத்தம் உத்தியோகத்தரின் சம்பளத்தைக் குறைத்து, ஓய்வூதியத்தையும் நிறுத்தியது. விளைவு என்ன? கச்சேரியில் இருக்க வேண்டியவர்கள் கோப்பித் தோட்டங்களில் நின்றார்கள். வாசலைத் திறந்தால் மட்டும் போதாது. உள்ளே வருபவர் நேர்மையாக வாழக்கூடிய ஊதியமும் வேண்டும் என்பதை அக்காலமே காட்டிவிட்டது.

பெரிய மாற்றம் 1850களில் வந்தது. 1853ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய சிவில் சேவைக்கான நியமன உரிமையைக் கம்பனி இயக்குநர்களிடமிருந்து எடுத்தது. 1855இல் முதலாவது போட்டிப் பரீட்சை நடந்தது. இங்கிலாந்தின் உள்நாட்டுச் சேவையை ஆராய்ந்த நோர்த்கோட், ட்ரெவெலியன் இருவரும் 1854இல் வெளியான அறிக்கையில் ஒளிவு மறைவில்லாமற் பேசினார்கள். வேறு தொழிலில் முன்னேற முடியாதவர்களும் உழைக்க மனமில்லாதவர்களும் அரச சேவையில் வந்து ஒதுங்குகிறார்கள் என்றார்கள். சுயாதீனமான சபையொன்று பரீட்சை வைத்து ஆட்களைத் தெரிய வேண்டும், பதவி உயர்வு திறமைக்குக் கிடைக்க வேண்டும் என்றார்கள். எதிர்ப்புக் கடுமையாக இருந்தது. 1855இல் சிவில் சேவை ஆணைக்குழு உருவானபோதும், திறந்த போட்டி பொது விதியானது 1870இல்தான். அமெரிக்காவிலோ அதற்கு ஓர் உயிர் பலியானது. பதவி கேட்டுக் கிடைக்காத ஒருவன் 1881இல் ஜனாதிபதி கார்பீல்டைச் சுட்டான். 1883இல் தகைமை வழி நியமனத்துக்கான சட்டம் வந்தது.

இந்தப் புது வாசலால் எங்களவரும் நுழைந்தார்கள். 1875இல் பொன்னம்பலம் அருணாசலம் போட்டிப் பரீட்சையிற் சித்தியடைந்து இலங்கை சிவில் சேவையிற் சேர்ந்தார். அவ்வழியால் உள்ளே சென்ற முதல் இலங்கையர் அவரே. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்திப் பெயர் பெற்றார். ஆனால் ஒன்றை நினைவில் வைப்போம். அவர் கேம்பிரிட்ஜில் படிக்கக்கூடிய குடும்பத்திற் பிறந்தவர். கப்பற் செலவுக்கு வழியில்லாத வீட்டில் அதே அறிவோடு பிறந்த பிள்ளைக்கு அந்த வாசல் திறந்திருந்தும் மூடியதுதான்.

இங்கேதான் பரீட்சையைப் பற்றி நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். வினாத்தாள் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கலாம். அதை எழுத யாரை விட்டார்கள், எங்கே வைத்தார்கள், எந்த மொழியில் வைத்தார்கள் என்ற கேள்விகளும் உண்டு.

முதலில் பெண்கள். பிரித்தானியாவில் நிர்வாகத் தரத்துக்கான பரீட்சையிற் பெண்கள் முதன்முதலாகத் தோற்றியது 1925இல். அதன் பின்னரும், மணம் முடித்தால் வேலையை விட வேண்டும் என்ற விதி 1946 வரை இருந்தது. எங்கள் நாட்டில், பிற்காலத்தில் மனெல் அபேசேகர என்று அறியப்பட்ட அம்மையார் 1958இல் வெளிநாட்டுச் சேவையிற் சேர்ந்தபோது, அவரே அச்சேவையின் முதற் பெண் உத்தியோகத்தர். இந்தச் சங்கம் தொடங்கிய நாளில் அங்கத்தவராக இருந்த ஒரு கெட்டிக்காரப் பெண்ணுக்கு அப்பரீட்சை மண்டபத்தில் ஒரு கதிரை இருக்கவில்லை என்பதை இன்றைய மாணவிகள் அறிய வேண்டும்.

அடுத்தது மொழி. 1956ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டத்துக்குப் பின்னர், தமிழ் உத்தியோகத்தர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டியிருந்தது. கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் அப்பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார்; அவரது சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் நீதிமன்றம் சென்றார். வழக்கு இலண்டன் கோமறை மன்றம் வரை போனது. அரச ஊழியர் தம் சம்பளத்துக்காக வழக்காடலாம் என்று 1969இல் அம்மன்றம் தீர்த்தது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் தீர்க்காமல் விட்டது. அக்காலத்தில் இளைப்பாறிய தகப்பன்மாரின் பிள்ளைகள் இச்சபையிலும் இருப்பீர்கள். மொழியால் வாசலைச் சாத்தினால் தகைமை என்ற சொல்லுக்கே பொருளில்லை.

மூன்றாவது, தயவு வேறு வேடத்தில் திரும்பி வருவது. 1947ஆம் ஆண்டின் சோல்பரி அரசியலமைப்பு, நியமனங்களைச் சுயாதீனமான பொதுச் சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. 1963இல் சிவில் சேவை நீங்கி நிர்வாக சேவை வந்தது. விதானையார் போய்க் கிராம சேவகர் வந்தார். ஆனாலும் 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நியமன அதிகாரத்தை அமைச்சரவையிடம் கொடுத்தது. அதன்பின் பாராளுமன்ற உறுப்பினரின் "துண்டு" சான்றிதழைவிடப் பெறுமதியானது. கட்சி மாறினால் துண்டின் நிறமும் மாறியது. 1987 – 89 கிளர்ச்சியின் பின்னர் அமைக்கப்பட்ட இளைஞர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு, இளையோரின் கொதிப்புக்கான காரணங்களில் நியமனங்களில் நடந்த அரசியற் பாரபட்சத்தையும் 1990இல் எடுத்துச் சொன்னது. அதற்குப் பின்னும் இழுபறி ஓயவில்லை. 2001இல் 17ஆம் திருத்தம் ஆணைக்குழுக்களுக்குச் சுயாதீனம் கொடுத்தது; 2010இல் 18ஆம் திருத்தம் அதைப் பறித்தது; 2015இல் 19ஆம் திருத்தம் மீட்டது; 2020இல் 20ஆம் திருத்தம் மீண்டும் பறித்தது; 2022இல் 21ஆம் திருத்தம் மறுபடி கொடுத்தது. தகைமை ஒருமுறை வென்றெடுத்துப் பெட்டியிற் பூட்டி வைக்கும் நகையன்று. நாளாந்தம் காவல் காக்க வேண்டிய தோட்டம்.

சகோதரிகளே, இதுவரை நான் அமைச்சர்களையும் தேசாதிபதிகளையும் பற்றிப் பேசினேன். அது சுலபம். இனி எங்களைப் பற்றி.

எங்களிற் பலர் இன்று பதவிகளில் இருக்கிறோம். நேர்முகத் தேர்வுக் குழுக்களில் இருக்கிறோம். அப்போது தொலைபேசி வரும். "எங்கட பள்ளிக்கூடப் பிள்ளை, ஒருக்கால் பாருங்கோ" என்பார்கள். கேட்பவர் கெட்டவரல்லர், பாசத்திற்தான் கேட்கிறார். ஆனால் கம்பனி இயக்குநரும் தன் மருமகனுக்குப் பாசத்திற்தான் எழுதினார். நாங்கள் அந்த ஒரு சொல்லைச் சொன்னால், அக்கதிரை போவது வேறொரு பிள்ளைக்கு. அது முல்லைத்தீவிலோ மன்னாரிலோ மூன்று பஸ் மாறி வந்து வரிசையில் இருக்கும் பிள்ளையாக இருக்கலாம். அப்பிள்ளைக்கு எங்களைப் போல நூறு வயதுச் சங்கம் இல்லை. பாடசாலைப் பற்று நல்லது. தேர்வு மேசையில் அதுவும் ஒரு துண்டுதான்.

அப்படியானால் நாங்கள் உதவக்கூடாதா? தாராளமாக உதவலாம், பரீட்சைக்கு முன்னர். வெள்ளிதோறும் வரும் வர்த்தமானியைப் பார்த்து, எந்தப் பரீட்சைக்கு எப்போது முடிவுத் திகதி என்று பிள்ளைகளுக்கு அறிவிக்கலாம். கடந்த வினாத்தாள்களைச் சேர்த்து நூலகத்தில் வைக்கலாம். ஓய்வு பெற்ற உத்தியோகத்தர் சனிக்கிழமைகளில் மாதிரி நேர்முகப் பரீட்சை நடத்தலாம். ஆங்கிலமும் சிங்களமும் சொல்லிக் கொடுக்கலாம். வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகள் விண்ணப்பக் கட்டணத்தையும் பயணச் செலவையும் பொறுப்பேற்கலாம். இவ்வகுப்புகளின் வாசலை மற்றப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் திறந்து விடுவோம். பரீட்சைக்குப் பின்னரோ எங்கள் வாய் மூடியிருக்கட்டும்.

இன்று பல கிராமங்களில் கிராம அலுவலர் ஒரு பெண். ஊர்ச்சனம் இன்றும் "விதானையாரிட்டப் போட்டு வாறன்" என்றுதான் சொல்லும். சொல் பழையது, ஆள் புதியவர். அவர் எவரின் மகள் என்பதால் அக்கதிரையில் இருக்கவில்லை; எழுதிச் சித்தியடைந்ததால் இருக்கிறார். ஆகவே அவர் எவருக்கும் கடமைப்பட்டவரல்லர், தன் முன்னால் நிற்கும் சனத்தைத் தவிர. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அப்படிப் போய் அமர வேண்டும் என்பதே என் விருப்பம்.