அணைச்ச கம்ப்யூட்டரும் அணையாத மின்சாரமும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலையோட எங்க குழுவுக்கு ஊக்குநரா இருக்கேன். இன்னைக்கு ஒரு சின்ன விஷயம் பேச வந்திருக்கேன். நம்ம கூட்டமைப்புக் கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்க்க வந்த தம்பிகிட்ட கேட்டு, ஒவ்வொண்ணா செஞ்சு பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டது.

சாயங்காலம் கணக்கு ஏத்தி முடிச்சு கம்ப்யூட்டரை அணைக்கிறோம். திரை கறுப்பாயிடுது, ஃபேன் சத்தம் நின்னுடுது. ஆனா மவுஸை கவுத்துப் பாருங்க, சிலதுல அடியில சிவப்பு லைட் எரிஞ்சுகிட்டே இருக்கும். யுஎஸ்பி துளையில செல்போனைச் செருகினா சார்ஜும் ஏறும். ஏன் அப்படி?

கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கிற பட்டன் நம்ம வீட்டு டியூப்லைட் சுவிட்ச் மாதிரி கிடையாது. அது மின்சாரத்தை வெட்டாது, "எழுந்திரு"ன்னு சொல்ற மணி மாதிரிதான். அந்த மணி கேக்கணும்னா உள்ளே யாராவது முழிச்சிருக்கணும் இல்லையா? வீட்டுல எல்லாரும் தூங்கினாலும் திண்ணையில ஒருத்தர் கண் முழிச்சிருக்கிற மாதிரி. அதுக்காகப் பின்னாடி இருக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி, சுவத்து சுவிட்ச் ஆன்ல இருக்கிற வரைக்கும் 5 வோல்ட் மின்சாரம் கொடுத்துகிட்டே இருக்கும். பல கம்ப்யூட்டர்ல அதுவே யுஎஸ்பி துளைக்கும் போகுது.

இதுல எவ்வளவு போகும்? 2 வாட்டுன்னு வெச்சுக்குங்க. ராப்பகலா 60 நாளைக்குக் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 3 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கிற வீட்டுக்கு இது பெரிய காசு இல்லைதான். ஆனா நூறு வீட்டுக்கு 300 யூனிட் ஆகுது.

கம்மாபுரத்துக்காரங்களுக்கு யூனிட்டுன்னா என்னன்னு வேற யாரும் சொல்லித் தர வேண்டாம். நெய்வேலியில 1956ல் நிறுவனம் வந்துச்சு, 1962ல் முதல் அனல் மின் நிலையம் ஓட ஆரம்பிச்சுது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரியணும். அந்த நிலக்கரிக்கு மேல இருந்தது நம்ம ஜனங்களோட வயலும் வீடும். அதனால யாருக்கும் பயன்படாம ஒரு யூனிட் போனாலும் எனக்கு மனசு கேக்கல.

சரி, என்ன செய்யலாம்? மூணு வழி இருக்கு.

முதல் வழி சுவத்து சுவிட்ச். முதல்ல கம்ப்யூட்டர்ல முறையா ஷட்டவுன் கொடுங்க. ஃபேன் நிக்கட்டும். யுபிஎஸ் இருந்தா அதோட பட்டனை அணைச்சுட்டு, அப்புறம் சுவத்து சுவிட்சை அணைங்க. நேரா சுவத்து சுவிட்சை மட்டும் அணைச்சா யுபிஎஸ் கரண்ட் போயிடுச்சுன்னு நினைச்சு பீப் பீப்னு கத்தும். இடி மின்னல் நாள்ல பிளக்கையே உருவி வைக்கிறது நல்லது. "மெயினை அணைச்சா தேதி நேரம் போயிடுமா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. போகாது. அதுக்குன்னு உள்ளே காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கு. ஒவ்வொரு தடவையும் தேதி தப்பாக் காட்டினா அந்தப் பேட்டரி தீர்ந்து போச்சுன்னு அர்த்தம், மாத்தச் சொல்லுங்க. குழுக் கணக்குல தேதி தப்பா விழக் கூடாது.

ரெண்டாவது வழி பயாஸ் செட்டிங். கம்ப்யூட்டரைப் போட்ட உடனே டெலிட் இல்லன்னா எஃப்2 பட்டனை அழுத்தினா பெரும்பாலும் அது திறக்கும். அதுல "ஈஆர்பி"ன்னு ஒண்ணு இருந்தா ஆன் பண்ணிடணும். அணைச்ச பிறகு யுஎஸ்பிக்குப் போற மின்சாரம் நின்னுடும். அணைச்சு வெச்ச வீட்டு, ஆபீஸ் சாதனங்கள் அரை வாட்டுக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு ஐரோப்பிய நாடுகள்ல 2013 முதல் விதியே இருக்கு. அந்த மாதிரி விதிக்காக வந்ததுதான் இந்த செட்டிங். தெரியாம மத்த எதையும் மாத்திடாதீங்க, பழகினவங்களைப் பக்கத்துல வெச்சுகிட்டுச் செய்யுங்க.

மூணாவது லேப்டாப். 2011ல் இருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப் நம்ம பல வீட்டுல இருக்கு. சில லேப்டாப்ல மின்னல் படமோ பேட்டரி படமோ போட்ட ஒரு யுஎஸ்பி துளை இருக்கும். மூடி வெச்சாலும் அதுல போன் சார்ஜ் ஏறும். பயாஸ்ல இதுக்கு லெனோவாவில "ஆல்வேஸ் ஆன் யுஎஸ்பி"ன்னு பேரு, டெல்லுல "யுஎஸ்பி பவர்ஷேர்"னு பேரு. ராத்திரி போனைச் செருகிட்டு, லேப்டாப்புக்குச் சார்ஜர் போடாமப் படுத்தா காலையில லேப்டாப் பேட்டரி இறங்கிக் கிடக்கும். பிள்ளைக்கு அன்னைக்குப் பரீட்சை வேலை இருந்தா சிரமம். தேவையில்லாத நாள்ல அதை அணைச்சு வெக்கலாம்.

ஆனா ஒரேயடியா அணைச்சுடுங்கன்னு சொல்ல மாட்டேன். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடிச்சு கடலூர் மாவட்டமே இருட்டாக் கிடந்தது நமக்கு மறக்காது. பல ஊர்ல கரண்ட் வர நாள் கணக்காச்சு. அந்த மாதிரி நேரத்துல முழு சார்ஜோட இருக்கிற ஒரு லேப்டாப், திரையைத் திறக்காமலே ரெண்டு போனுக்காவது உயிர் கொடுக்கும். ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடவும் வெளியூர்ல இருக்கிற பிள்ளைக்குச் சேதி சொல்லவும் அது போதும். அதனால ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் புயல் சேதி வந்தா லேப்டாப்பை நிறைய சார்ஜ் போட்டு, இந்த செட்டிங்கை ஆன் பண்ணி வையுங்க. பழைய யுஎஸ்பி துளை அரை ஆம்பியர்தான் கொடுக்கும், போன் மெதுவாத்தான் ஏறும். பொறுமையா இருக்கணும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். கூட்டமைப்பு அலுவலகத்துல பூட்டு போடறதுக்கு ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கிறோம். அதே ஆள் பூட்டறதுக்கு முன்னாடி மவுஸ் லைட்டையும் ஒரு தடவை பார்த்துட்டு வரட்டும். அது எரிஞ்சா சுவத்து சுவிட்ச் இன்னும் அணையலைன்னு தெரிஞ்சுக்கலாம். மவுஸ்ல லைட் தெரியலைன்னா சுவிட்சைக் கையால தொட்டே பார்த்துடலாம். தீர்மானப் புத்தகத்துல இதையும் ஒரு வரி சேர்க்கணும்னு கேட்டுக்கறேன்.